கண்மாய் மடையும் கம்பியில்லா இணையமும்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், பரணில் கிடந்த எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியைக் கண்டெடுத்தான். அவனுடைய தந்தை கல்லூரி நாள்களில் வாங்கியது. தூசு தட்டித் தொலைக்காட்சியோடு இணைத்ததும் உயிர் பெற்றது, இணையத்தில்தான் சேரவில்லை. 2005-இல் வெளியான அக்கருவியின் முதல் வடிவத்தில் வைஃபை வசதி உள்ளேயே அமைந்திருக்கவில்லை. அதற்கெனத் தனித் துணைக்கருவி வாங்க வேண்டும். 2010-இல் வந்த மறுவடிவத்தில்தான் அந்தக் குறை நீங்கியது. பழைய கருவியின் முதுகில் இருப்பது கேபிள் செருகும் துளை ஒன்றுதான்.

இராசபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் வீடு பழங்காலத்துக் கட்டடம். ரவுட்டர் முன்கட்டில், தொலைக்காட்சி பின்கட்டில். கூடத்தின் குறுக்கே கம்பி இழுக்க வீட்டம்மாள் சம்மதிக்கவில்லை. "தாத்தா, உங்க லேப்டாப்பைக் கொடுங்க" என்றான் பேரன்.

அவன் செய்தது இவ்வளவுதான். மடிக்கணினி வழக்கம்போல் வைஃபை மூலம் இணையத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு சிறு கேபிளை விளையாட்டுக் கருவியில் செருகினான். பின்னர், வலைப்பின்னல் இணைப்புகள் உள்ள பக்கத்தில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்து, 'பகிர்வு' என்னும் பகுதியில் பிறர் பயன்படுத்த இசைவளித்தான். முதல் முறை கேபிள் இணைப்பின் பண்புகளில் குறியிட்டுவிட்டதால் வேலை நடக்கவில்லை. இணையம் எதன் வழியாக உள்ளே வருகிறதோ, அதைத்தான் பகிர வேண்டும்; பலரும் தடுமாறும் இடம் இது. விண்டோஸில் இந்த வசதி 1999-இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது.

பொருளியல் கற்பித்தவனை ஈர்த்தது இதன் பின்னாலுள்ள உத்தி. இணையத்தில் சேரும் கருவிக்கு ஒரு முகவரி எண் வேண்டும். பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. உலக மக்கள்தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த கடைசி எண் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. ஆயினும் இணையம் நின்றுவிடவில்லை. ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் பல கருவிகளை ஒளித்துவைக்கும் முகவரி மாற்று முறை 1994-லேயே வகுக்கப்பட்டிருந்தது. எங்கள் மடிக்கணினி செய்வதும் அதைத்தான். விளையாட்டுக் கருவிக்கு வீட்டளவில் செல்லும் ஓர் எண்ணைத் தானே கொடுக்கிறது. அது கேட்பதைத் தன் பெயரில் வெளியே கேட்டு வாங்கி, வந்ததைப் பிரித்து உரியவரிடம் சேர்க்கிறது.

இதில் விற்பனையாளருக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் எத்தனை கருவிகள் என்பது வெளியிலிருந்து எளிதில் புலப்படாது. ஆகவே, கருவிக்கு இவ்வளவு என்று தலைவரி போடும் வழி ஏறக்குறைய அடைபட்டது. வேகத்துக்கும் அளவுக்கும் விலை வைப்பதே மிச்சம்.

அய்யனார் கோவில் மலையிலிருந்து இறங்கும் ஆறு எங்கள் நகருக்குக் குடிநீரும் கண்மாய்களுக்குப் பாசன நீரும் தருகிறது. கண்மாய் மடையைத் திறந்து, வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் விடுபவரை நீர்பாய்ச்சி என்பார்கள். மடிக்கணினி இங்கே நீர்பாய்ச்சி. தண்ணீர் ஒரு வயலில் பாய்ந்தால் இன்னொன்றில் அந்நேரம் பாயாது. இணையமோ நெரிசல் ஏற்படும்வரை எவருக்கும் குறைவதில்லை. ஜேம்ஸ் புக்கானன் 1965-இல் விளக்கிய 'மன்றப் பொருள்' இத்தகையது. விளையாட்டு ஓடும்போது செல்லும் தரவு, திரைப்படம் பார்க்கச் செலவாவதைவிட மிகக் குறைவு. அதற்கு வேண்டியது தாமதமின்மை. மேம்பாட்டுக் கோப்புகள் இறங்கும்போதுதான் முன்கட்டிலிருந்து முணுமுணுப்பு கேட்கிறது.

இன்னொரு சிக்கலும் வந்தது. ரவுட்டரும் முகவரியை மாற்றுகிறது, மடிக்கணினியும் மாற்றுகிறது. இரட்டைக் கதவு. உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடையில்லை. வெளியிலிருந்து முதலில் அழைப்பவருக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாது. சில ஆட்டங்களில் நண்பர்களோடு சேர முடியாமல் போவது இதனால்தான்.

ஒளிந்திருக்கும் வசதிக்கு மறுபக்கமும் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் வைஃபை இணைப்பு வழியாகச் சென்றிருந்தது. விசாரணை முதலில் அவர் வாசலுக்குத்தான் போனது. வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரி. பகிர்ந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பகிர்வதில் எனக்குத் தயக்கமில்லை. கடவுச்சொல் இல்லாமல் தெருவுக்குத் திறந்துவைப்பதைப் பெருந்தன்மை என்று நான் கருதமாட்டேன்.

தெருவோடு பகிர முறையான வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தில், தேநீர்க் கடைக்காரரும் உரிமமோ கட்டணமோ இன்றி வைஃபை விற்கலாம். பயன்படுத்துவோரின் அடையாளம் பதிவாகும். அது எதிர்பார்த்த வேகத்தில் வளராததற்கு முக்கியக் காரணம், அக்கடைகளிடம் நிறுவனங்கள் வணிகக் கட்டணம் கேட்டதுதான். 2025 ஜூனில், வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் அவர்களிடம் வாங்கக் கூடாது என்று டிராய் வரம்பிட்டது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

எங்கள் வீட்டில் முறைப்பாசனம் இப்போது இப்படி: காலை பத்து மணிவரை மடிக்கணினி எனக்கு, அதன்பின் அவனுக்கு. நேற்று மாலை பழக்கத்தில் அதை மூடி வைத்துவிட்டேன். கணினி உறங்கினால் மடையும் மூடிக்கொள்ளும் என்பது எனக்கு நினைவில்லை. பின்கட்டிலிருந்து எழுந்த கூக்குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.