மலையும் வேதமும் – 14: கூலி கேட்காத மீட்பு

ஓமலூர் பக்கத்து ஆலைக்கொட்டாய் ஒன்றில் கொப்பரைப் பாகைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவரிடம், கிறிஸ்தவர்கள் மீட்பைக் கடவுளின் இலவசக் கொடை என்கிறார்கள் என்று சொன்னேன். "சும்மா கெடைக்கறதுக்கு ஏதுங்க மதிப்பு?" என்றார். நியாயமான கேள்வி. கரும்பு வெட்டினால் கூலி, முன்பணம் வாங்கினால் உழைப்பு, வேண்டுதல் பலித்தால் கிடாவெட்டு என்று கொடுக்கல் வாங்கலில் ஊறிய மண் இது.

பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதம் இந்தக் கணக்கையே உடைக்கிறது. மீட்பு கிருபையால் வருகிறது. யாரும் பெருமை பேச இடமில்லாதபடி, செயல்களுக்குக் கூலியாக அது வருவதில்லை. 1517இல் லூத்தர் தொடங்கிய சர்ச்சை விரைவில் இந்த இடத்தில்தான் மையம் கொண்டது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்திட 1999 ஆக வேண்டியிருந்தது.

சேலம் சீமையில் இதை வாழ்ந்து காட்டிய இருவர் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும். மனிதன் தன் மீட்புக்குத் தம்படியும் தர முடியாது என்பதில் மிகக் கண்டிப்பான ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1913இல் திருமணமானதும் கொல்லிமலை ஏறினார்கள்.

அங்கே நரம்புச் சிலந்தி நோய் மக்களை முடக்கிப் போட்டிருந்தது. புண்ணிலிருந்து தலைநீட்டும் புழுவை அறுந்துவிடாமல் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக ஜெஸ்ஸி வெளியே இழுப்பார். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். புழு தண்ணீரில் பரவுகிறது என்பதால் கிணறுகளைச் சீராக்கவும் குடிநீரை வடிகட்டவும் கற்றுக்கொடுத்தார். ஆண்டுகள் ஓடின. மலையில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. வைத்தியம் நிற்கவில்லை.

மருந்தைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு மிஷனரிகள்மேல் உண்டு; சில இடங்களில் அதற்குக் காரணமும் இருந்தது. மருந்துக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்டால், கொடை என்ற போதனையே அங்கே செத்துப்போகிறது என்பது என் உறுதியான எண்ணம். யாரும் மாறாத அந்த ஆண்டுகளில் ஜெஸ்ஸி தொடர்ந்து இழுத்த புழுக்கள்தான் அவர் போதனைக்குச் சாட்சி.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. இவர்களை வெகுகாலம் எதிர்த்துநின்ற உள்ளூர்ப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். அண்டை அயலார் நெருங்கப் பயந்தார்கள். பிராண்ட் தம்பதிதான் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். மலைமக்கள் மனம் திரும்பத் தொடங்கியது அதன்பிறகுதான்.

இலவசம் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? பவுலின் கடிதத்தில் அடுத்த வரியிலேயே விடை இருக்கிறது: நற்செயல்களுக்காகவே மனிதர் படைக்கப்பட்டார்கள். ஆக, மீட்பைச் சம்பாதிக்க ஜெஸ்ஸி உழைக்கவில்லை. அது ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் உழைத்தார். 1929இல் காய்ச்சலில் அவர் இறந்தபின் எவலின் மலைப்பணியை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தானாகவே திரும்பிவந்து, கல்வராயன் மலை உட்பட வேறு மலைகளுக்கும் போனார். இடுப்பெலும்பு முறிந்ததும் இரண்டு கம்புகளை ஊன்றி நடந்தார். 1974இல் இறந்தபோது வயது 95.