கொல்லைச் செடிக்குச் சிலி பாடி கரைசல்: கொல்வதற்கு அல்ல, விரட்டுவதற்கு

கேமரன் மலை - தேயிலைத் தோட்டங்களில் பல வீடுகளின் பின்புறம் சிறு கொல்லை ஒன்று இருக்கும். கீரை, தக்காளி, பீன்ஸ், நாலு முட்டைக்கோஸ். அதில் பூச்சி விழுந்தால், வேலையிடத்தில் மிச்சமான மருந்தைத் தண்ணீர் போத்தலில் ஊற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு.

ஆபத்து அந்தப் போத்தலில்தான் தொடங்குகிறது. பேச்சு வழக்கில் அது 'மருந்து', உண்மையில் நஞ்சு. பெயர் ஒட்டாத போத்தலில் இருப்பது தண்ணீரா, நஞ்சா என்று விளையாடிக் களைத்து வரும் குழந்தைக்குத் தெரியாது. ஒரு வாய் விழுங்கினாலே உயிரைப் பறிக்கக்கூடிய பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை விதித்தது.

வீட்டுக் கொல்லைக்கு இத்தகைய நஞ்சு தேவையில்லை. அடுப்படியில் இருக்கும் சிலி பாடி, பூண்டு, இஞ்சி மூன்றும் பெரும்பாலான நேரங்களில் போதும். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கரைசல் இது.

செய்முறை

பூண்டு 100 கிராம், இஞ்சி 50 கிராம், சிலி பாடி 50 கிராம். மூன்றையும் விழுதாக அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலந்து ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். மறுநாள் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும்; இல்லையென்றால் தெளிப்பானின் வாய் அடைத்துக்கொள்ளும். வடிகட்டிய கரைசல் 1 பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு சேர்த்து, கொஞ்சம் சவர்க்காரத்தையும் கரைக்க வேண்டும்.

சவர்க்காரத்தைத் தவிர்க்கக்கூடாது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெய்ப் பசை போன்றது. சவர்க்காரம்தான் அதைத் தண்ணீரோடு சேர்த்து இலையில் ஒட்டவைக்கிறது. அதோடு, அசுவினி போன்ற மெல்லுடல் பூச்சிகளின் மேலுள்ள மெழுகுப் படலத்தையும் அது கரைக்கிறது. பாதி வேலை சவர்க்காரத்தினுடையது என்றே சொல்லலாம்.

முதலில் இரண்டு இலைகளில் மட்டும் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். இலை கருகினால் இன்னும் தண்ணீர் சேர்க்கலாம். பிறகு மாலை வேளையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கேமரன் மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஒரு மழை பெய்தால் காரம் கழுவிப் போய்விடும். மீண்டும் தெளிக்க வேண்டியதுதான்.

எதற்குப் பலிக்கும், எதற்குப் பலிக்காது?

அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், இளம் புழுக்கள் ஆகியவற்றை இது விலக்கி வைக்கும். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிட்ட புழுவை எட்டாது. பறவைகளையும் விரட்டாது, அவற்றுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. அதனால்தான் குருவிகள் மிளகாய்ப் பழத்தைச் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போகின்றன. முற்றிய புழுக்களைக் காலையில் கையால் பொறுக்குவதே நல்லது. இந்தக் கரைசல் கொல்லைக்கு மட்டும்தான். தோட்டத்துத் தேயிலையில் தெளித்தால் கொழுந்தின் மணமும் சுவையும் கெடும்.

மலை கற்ற பாடம்

விரட்டினால் மட்டும் போதுமா, கொன்றால்தானே தொல்லை தீரும் என்று கேட்கலாம். அதற்குப் பதில் இந்த மலையின் வரலாற்றிலேயே இருக்கிறது. முட்டைக்கோஸ் இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை ஒழிக்க, இங்குள்ள காய்கறித் தோட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நஞ்சு அடித்தார்கள். தப்பிப் பிழைத்த பூச்சிகளின் வாரிசுகள் அந்த நஞ்சையே தாங்கிக்கொண்டன. 1970களில் டயடெக்மா என்ற குளவி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் குஞ்சு, புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். நஞ்சைக் கண்டபடி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவி போன்ற நண்பர்கள்தாம்.

மிளகாய்க் கரைசலும் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காது. ஆகவே பூச்சி கண்ட செடிக்கு மட்டும் தெளிக்க வேண்டும். தேனீக்கள் வரும் பூக்களை விட்டுவிட வேண்டும்.

கவனம் தேவை

வீட்டுப் பொருள் என்பதால் அலட்சியம் கூடாது. அரைக்கும்போதும் தெளிக்கும்போதும் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கக்கூடாது. மூடிய அடுப்படியில் கொதிக்க வைத்தால் ஆவியே இருமலைக் கிளப்பும். கை எரிந்தால் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். எரிச்சல் தீராவிட்டால் கிளினிக்குக்குப் போவதே சரி. தெளித்த கீரையை நன்றாக அலசிய பிறகே சமைக்க வேண்டும்.

மீந்த கரைசல் போத்தலின் மேல் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து வந்த பெயரில்லாத போத்தல் வீட்டில் ஏதேனும் இருந்தால், அதை ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், இன்றே ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.