பழைய இனாமலும் புதிய வீடுகளும்

பழைய வீடு என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது வவுனியா நகரிலே யுத்தத்துக்குத் தப்பி நிற்கும், விறாந்தையும் தூண்களும் கொண்ட ஓட்டு வீடாகவே இருக்கும். ஆனால் வர்ணத்திலுள்ள ஈயத்தைப் பொறுத்தமட்டில், 2010, 2011ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மீள்குடியேறியவர்கள் தறப்பாள் கொட்டிலை விட்டு வெளியேறி, சுவர் எழுப்பி, நிலை நிறுத்தி, கைக்கெட்டிய விலையில் பெயின்ற் வாங்கிப் பூசிய வீடும் பழைய வீடேயாகும்.

காரணம், ஒரு சட்டத்தின் தேதி. வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று சுற்றாடல் நீதிக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியதையடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் பிறப்பித்த பணிப்புரை, 2013 ஜனவரி முதலாந் தேதியிலிருந்தே அமலுக்கு வந்தது. சுவருக்கான இமல்சனில் பத்து லட்சத்துக்கு 90 பங்கும், கதவு, யன்னல், இரும்புக் கம்பிகளுக்கான இனாமலில் 600 பங்குமே ஈயம் இருக்கலாம் என்பது அதன் விதி. அதற்கு முன் விற்ற ஒவ்வொரு பேணியிலும் ஈயம் இருந்ததென்று சொல்வது அநியாயம். எனினும் எதில் இருந்தது, எதில் இல்லை என்பதைக் கண்ணாற் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாதாகையால், அந்தத் தேதிக்கு முன் பூசிய இனாமல் அனைத்தையும் சந்தேகத்துக்குரியதாகக் கொள்வதே விவேகம்.

ஈயத்தைக் கலந்தவர்கள் வீணுக்குக் கலக்கவில்லை. வெள்ளை ஈயம் அடிநிறத்தை நன்கு மறைக்கும். மஞ்சள், செம்மஞ்சள், பச்சை முதலிய பளிச்சென்ற நிறங்களுக்கு ஈயக் குரோமேற்று உதவும். பூச்சு விரைந்து உலரவும் இரும்பு துருப்பிடியாதிருக்கவும் வேறு ஈயச் சேர்க்கைகள் பயன்பட்டன. தீமையும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1904இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் லொக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் வைத்தியர், தம்மிடம் வந்த குழந்தைகளின் நோய்க்கு வீட்டு விறாந்தைக் கைபிடிகளில் வெயிலால் மாவாகிப் போன வர்ணமே மூலம் என்று எழுதினார். குயின்ஸ்லாந்து அதற்குச் சட்டம் செய்ய 1922 வரை தாமதித்தது. நாமோ அதற்குப் பின்னும் தொண்ணூறு ஆண்டுகள் பொறுத்திருந்தோம்.

உடலிற் புகும் ஈயம் இரத்தத்தோடு சஞ்சரித்து எலும்பிலே தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்திற் கலந்து சிசுவையும் அடையும். சிறு குழந்தையின் குடல் வளர்ந்தவரைக் காட்டிலும் நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைக்கு அது இன்னும் அதிகம். மூளைக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றையும் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொள்ளவில்லை.

இத்தனை சொன்னதும், உள்ள வர்ணத்தையெல்லாம் உடனே சுரண்டி எறிய வேண்டுமென்று எவரேனும் புறப்பட்டால், அதுவே பேராபத்தாக முடியும். உதிராமல் இறுகப் பிடித்திருக்கும் பூச்சைத் தொடாமல் விட்டு, அதன் மேலேயே புதியதைப் பூசுவது உத்தமம். கவனிக்க வேண்டியது, திறந்து மூடும்போது ஒன்றோடொன்று உராயும் கதவு, யன்னல் விளிம்புகளும், செதில் செதிலாய்க் கழன்று நிற்கும் இடங்களுமே.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் வழக்கமுள்ளவர்கள், சோளகக் காற்று வீசத் தொடங்கும் காலத்தில், முற்றத்திலே கதவைக் கழற்றி வைத்து மின் அரைவையால் தேய்ப்பதைக் காணலாம். அந்தத் தூசி கோழிக்கூட்டுக்கும், கிணற்றடிக்கும், அயல் வீட்டுத் தொட்டிலுக்கும் பேதமின்றிச் செல்லும். உலர்ந்த அரத்தாளும் அரைவையும் வேண்டவே வேண்டாம். தீச்சுவாலையால் வர்ணத்தைச் சுட்டு உரிப்பது அதனினும் கொடிது. நீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும். காயக் காய மறுபடியும் நனைக்க வேண்டும். அடியிலே தடித்த பொலித்தீனை இரண்டு மீற்றர் அகலத்துக்கு விரித்து, வேலை முடிந்ததும் உட்பக்கமாகச் சுருட்டிக் கட்டி அகற்ற வேண்டும். தும்புத்தடியால் உலரக் கூட்டினால் தூசி மறுபடியும் எழும்புமாதலால், ஈரத் துணியால் துடைப்பதே முறை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடிந்து துப்புரவாகும் வரை உறவினர் வீட்டில் இருக்கட்டும். முகத்திற் கட்டும் துணி இந்தத் தூசியைத் தடுக்காது. நுண்தூசியை வடிகட்டும் என்95 போன்ற முகக்கவசமே தேவை. பெயின்ரர் வேலையுடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவாராயின், நம் வீட்டு ஈயம் அவர் வீட்டுக்கு இடம் பெயர்ந்துவிடும். அவர் குளிக்கவும் உடை மாற்றவும் இடங்கொடுப்பது நம் கடமை.

வன்னிக்கே உரிய மற்றோர் அபாயமும் உண்டு. முதிரையோ பாலையோ, கழித்த நிலையையும் சட்டத்தையும் வீணாக்க மனமின்றி அடுப்பில் வைப்பது நம் சிக்கன புத்தி. பூச்சோடு எரியும் மரத்தின் ஈயம் புகையிலும் சாம்பலிலும் எஞ்சும். அச்சாம்பல் பாத்திரம் விளக்கவோ கீரைப் பாத்திக்கோ போகும். வர்ணம் பூசிய மரம் விறகாகவே கூடாது.

நனைத்துச் செய்யும் வேலைக்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும். வீட்டுக்காரர் மொத்த ஒப்பந்தமாகப் பேசி, விலையை அமுக்கி, விரைவில் முடிக்கும்படி நெருக்கினால், பெயின்ரர் அரைவையைத்தான் எடுப்பார். அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலதிக நாட்கூலி, பொலித்தீன், முகக்கவசம் மூன்றின் செலவையும் முதற்பேச்சிலேயே சேர்த்துப் பேசி, அரைவையைத் தொடுவதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.