புகையிலைப் போரும் நுண்ணுயிர்களும்

புகையிலைச் சாகுபடியில் பயிரை வளர்ப்பது பாதி வேலை. இலையைப் பாடம் செய்வது மறுபாதி. 1948-ஆம் ஆண்டிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட வேடசந்தூரிலும், திண்டுக்கல் வட்டாரத்திலும் சுருட்டுப் புகையிலை பயிரிடுவோர் இதனை நன்கறிவர். உலர்ந்த இலையைச் சிறிது ஈரத்துடன் போராக அடுக்கினால், சில நாட்களில் அது தானே சூடேறுகிறது. அம்மோனியாவின் நெடி எழுகிறது. இலையின் கடுமை தணிந்து நிறமும் மணமும் கூடுகின்றன. கவனம் தப்பினாலோ, ஓராண்டு உழைப்பு போருக்குள்ளேயே கருகிவிடும்.

இச்சூடு எவ்வாறு உண்டாகிறது? 1891-இல் சுக்ஸ்லாண்டு என்னும் ஜெர்மானிய அறிஞர், இது நுண்ணுயிர்களின் வேலை என்றார். கியூபா இலையிலிருந்த நுண்ணுயிர்களைப் பெருக்கி, தம் நாட்டு மட்டமான இலையில் சேர்த்து, மணம் மேம்பட்டதாக அறிவித்தார். பாலுக்கு உறையிடுவதை ஒத்தது இம்முறை. 1899-இல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஆஸ்கர் லேவ் இதனை மறுத்து, இலையிலேயே அமைந்த என்சைம்களே காரணம் என்று வாதித்தார். இரு கூற்றிலும் உண்மை உண்டென்பது பிற்கால ஆராய்ச்சியால் விளங்கிற்று.

இத்தாலியின் டொஸ்கானோ சுருட்டு இலையைப் பற்றி 2007-இல் வெளியான ஆராய்ச்சி, போரில் ஒரே இனம் வேலை செய்வதில்லை எனக் காட்டியது. தொடக்கத்தில் ஈஸ்ட்டும் உருண்டை வடிவப் பாக்டீரியாக்களும் மிகுகின்றன. சூடும் காரத்தன்மையும் ஏற ஏற, அவற்றைத் தாங்கும் வேறினங்கள் தலையெடுக்கின்றன. இவற்றுள் சில, இலையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டு நிக்கோட்டின் முதலியவற்றுடன் கூடி, புற்றுநோய் விளைக்கும் நைட்ரோசமீன்களாகிறது. அவ்விலையிலேயே வாழும் ஈஸ்ட் வகை ஒன்று நைட்ரைட்டை உணவாகக் கொள்வதால், அதனை உறையாக இட்டு இத்தீங்கைக் குறைக்கலாம் என்று கருதப்படுகிறது. எவ்வாறாயினும் புகையிலை உடலுக்குத் தீங்கானதே. குறைவது ஒரு பங்கு மட்டுமே.

உறை எத்துணை நல்லதாயினும் பால் கெட்டிருந்தால் தயிராகாது. ஆதலின் குடியானவர்கள் முதலில் கவனிக்கவேண்டியவை இவை: தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இடலாகாது, மிகுந்தால் இலையில் நைட்ரேட்டு பெருகும். பூசணம் பிடித்த இலையைப் போரில் சேர்க்கலாகாது. உஷ்ணமானியைப் போரின் நடுவில் செருகி நாள்தோறும் பார்க்கவேண்டும். சூடு 50 டிகிரி செண்டிகிரேடை நெருங்கியதும் போரைப் பிரித்து, உள்ளிலை வெளியிலும் வெளியிலை உள்ளிலுமாக மாற்றி அடுக்கவேண்டும். கிராம அதிகாரிகள் இவற்றைப் பாடம் தொடங்குமுன்னரே குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின் பெரும் நஷ்டம் தவிரும்.