வயல்வழியும் நீர்வழியும்

காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகம் காவிரிக் கடைமடையைச் சார்ந்தது. இத்தகைய தாழ்நிலத்தில் நெல்லை வீடு சேர்க்க வயல்வழி இன்றியமையாதது. டிராக்டரின் பின்புறம் மண் தள்ளும் பலகையைப் பூட்டி அவ்வழியை எளிதில் அமைக்கலாம். ஆயின், வழி வடிகாலைக் குறுக்கிடும் இடத்தில் குழாய் மதகு வேண்டும். குழாயின் அடி வடிகாலின் தரைமட்டத்திற்கு மேல் உயர்தல் ஆகாது. அதன் இருபுறமும் 6 அங்குல அடுக்குகளாக மண்ணிட்டுக் கெட்டித்து, மேலே 1 அடி மண்ணேனும் மூடிய பின்னரே டிராக்டரை ஏற்றல் வேண்டும்; இன்றேல் குழாய் உடையக்கூடும். குழாய் சிறுத்தாலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் நம் வழியே அயலார் வயலுக்கு அணையாகிப் பயிரை அழுகச் செய்யும். ஆதலின், மழைக்காலத்தில் நீர் எவ்வளவு ஏறுமென மேல்வயற்காரரைக் கேட்டறிந்து குழாயின் அகலத்தை முடிவு செய்தலே முறையாம்.