தரவுத்தள அட்டவணை: தொலைபேசி எண்ணை எண்ணாகச் சேமிக்கக் கூடாதது ஏன்?

மைசூரு: தரவுத்தளத்தில் அட்டவணை ஒன்றை உருவாக்கும்போது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தரப்படும் தரவு வகையே, அதில் பதியப்படும் தகவல் சிதையாமல் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மைசூருவின் தேவராஜ மொஹல்லாவில் உள்ள தேவராஜ மார்க்கெட் வியாபாரிகளின் விவரங்களுக்கு ஓர் அட்டவணை உருவாக்கப்படுவதாக வைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

தொலைபேசி எண்

மைசூருவின் எஸ்டிடி குறியீடு 0821. இதனை எண் வகையில் சேமித்தால், முன்னுள்ள பூஜ்ஜியம் நீங்கி 821 மட்டுமே எஞ்சும். கைபேசி எண்ணுக்கு வேறொரு தடை உள்ளது. 'இன்ட்' எனப்படும் வழக்கமான முழு எண் வகையின் உச்ச வரம்பு 2,147,483,647. இந்தியாவின் 10 இலக்கக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்குவதால், அவற்றில் ஒன்றுகூட இந்த வரம்புக்குள் அடங்காது.

பெரிய நிறுவனங்களும் இதே வரம்பை எதிர்கொண்டுள்ளன. 'கங்னம் ஸ்டைல்' பாடல் காணொளியின் பார்வை எண்ணிக்கை இதனைக் கடக்கவிருந்ததால், யூடியூப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு தனது எண்ணிக்கை முறையை 64 பிட்டாக உயர்த்தியது. ஆனால் அது கூட்டப்படும் எண்ணிக்கை. கூட்டல், கழித்தலுக்குத் தேவைப்படாத தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை எழுத்து வகையில் சேமிப்பதே முறை.

பெயரும் முகவரியும்

'தேவராஜ மொஹல்லா' என்பதில் வாசகர் காண்பது 8 எழுத்துகள். துணைக்குறி, புள்ளி, இடைவெளி ஆகியவற்றையும் தனித்தனியே கணக்கிடும் யூனிகோடு முறையில் அது 14 குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் 40 பைட்டுகள். 20 என்று வரம்பிடப்பட்ட எழுத்து நெடுவரிசையில், குறியீடுகளை எண்ணும் மைஎஸ்கியூஎல் இப்பெயரை ஏற்கும். இயல்பமைப்பில் பைட்டுகளை எண்ணும் ஆரக்கிள் நிராகரிக்கும். எஸ்கியூஎல் சர்வரின் வழக்கமான 'வார்சார்' வகையில் தமிழ், கன்னட எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அங்கு 'என்வார்சார்' வகையே ஏற்றது.

வாடகையும் நாளும்

'ஃப்ளோட்' வகை தோராய மதிப்பையே சேமிக்கிறது. அதில் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டல் 0.30000000000000004 என வரக்கூடும். எனவே வாடகை போன்ற பணத் தொகைகளுக்கு, துல்லியமான 'டெசிமல்' வகை பரிந்துரைக்கப்படுகிறது.

உரிமம் முடியும் நாளை எழுத்தாகப் பதிந்தால், 02-12-2025 என்பது 15-01-2025-க்கு முன்னதாக வரிசைப்படும். பிப்ரவரி 31-உம் ஏற்கப்பட்டுவிடும். 'டேட்' வகை இவ்விரண்டையும் தடுக்கும். மைஎஸ்கியூஎல்லின் 'டைம்ஸ்டாம்ப்' வகை 2038 ஜனவரி 19-ஆம் தேதியுடன் முடிவடைவதால், நீண்டகாலக் குத்தகைகளுக்கு அது பொருந்தாது.

தரவு வகையைப் பின்னர் மாற்ற இயலும். ஆயினும், கேள்விக்குறிகளாக மாறிய ஒரு வியாபாரியின் பெயரை அந்த அட்டவணையிலிருந்து மீட்க வழியில்லை. இந்த மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுமா, எவ்வளவு பெரிதாக வளரும், எந்த மொழியில் எழுதப்படும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அட்டவணையை உருவாக்கும் முன்பே விடை காண்பது அவசியம்.