கிராமத்து ஏழைக்கு வீடு: மத்திய அரசாங்கத்தின் உதவி வந்த வழி

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது நம் வழக்கம். முதல் இரண்டையும் உழவுத் தொழிலாளி தன் உழைப்பைக் கொண்டு ஒருவாறு தேடிக்கொள்கிறான். மூன்றாவதுதான் அவன் கைக்கு எட்டாமல் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்களைச் சுற்றி வருவோர் இதனை நன்கு அறிவர். கரும்புச் சோகையும் பனையோலையும் வேய்ந்த கூரை ஒழுகும். மண்சுவரின் அடி ஊறும். அடுப்பு நனைந்து உலை வைக்க வழியிராது. மழை ஓய்ந்து கோடை வந்தாலோ, ஒரு தீப்பொறி ஒரு தெருவையே சாம்பலாக்கிவிடும் என்ற அச்சம்.

இக்குறையைப் போக்க மத்திய அரசாங்கம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உதவி அளித்து வருகிறது. அவ்வுதவி எவ்வாறு தொடங்கியது, ஏன் பலமுறை உருமாறியது, அதனைப் பெறுவதில் ஊராட்சிக்குரிய பொறுப்பு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடனாகத் தொடங்கிய உதவி

நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே, 1920க்குப் பிந்திய ஆண்டுகளில், சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனரின் இலாகா தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீட்டுமனைகளை வாங்கி அளித்து வந்தது. ஆனால் வீடு கட்டிக்கொள்ள உதவுவது அரசின் கடமை என்ற எண்ணம் விடுதலைக்குப் பின்னரே வேரூன்றிற்று. 1947இல் நாடு பிரிந்தபோது வீடிழந்து வந்த அகதிகளைக் குடியமர்த்துவதே முதல் வேலையாயிற்று. அடுத்து, 1952இல் ஆலைத் தொழிலாளர்க்கான வீட்டுவசதித் திட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் ஓர் அங்கமாக 1957இல் கிராம வீட்டுவசதித் திட்டம் பிறந்தது.

அத்திட்டத்தில் தனிமனிதருக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை கடன் கொடுக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. எனினும் ஐந்தாவது திட்டக்காலம் முடியும் வரை நாடு முழுவதிலும் கட்டப்பட்ட வீடுகள் சுமார் 67,000 மட்டுமே. இலட்சக்கணக்கான கிராமங்கள் உள்ள நாட்டில், கிராமத்திற்கு ஒரு வீடு என்ற அளவுகூட இது இல்லை.

இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. கடன் பெறுவோனுக்கு ஈடு காட்ட நிலம் வேண்டும். திருப்பிச் செலுத்த நிலையான வருமானம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவனுக்கே வீடும் இல்லை. அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் உழவர்களுக்கு வீட்டுக்கடன் அளிக்கத் தனிப் பகுதியே அமைந்தது. அங்கே கடன் பெற்றவன் பண்ணைக்கு உரியவன். இங்கே கூரையின்கீழ் வாழ்பவன் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவன். ஆகவே, ஒரு நாட்டில் பயன்பட்ட முறை மற்றொரு நாட்டில் பயன்படாமற் போனதில் வியப்பில்லை.

மனை, கூலி, மானியம்

குடிசை நிற்கும் தரையே தனதில்லை என்னும்போது வீட்டைப்பற்றி எண்ணுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடையாகத் தமிழ்நாட்டில் 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. நிலச்சொந்தக்காரரின் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்க்கும் கைவினைஞர்க்கும் அக்குடியிருப்பு மனை உரிமையாக்கப்பட்டது. நிலமற்றோர்க்கு வீட்டுமனை வழங்குவது 1975இல் மத்திய அரசாங்கத்தின் இருபது அம்சத் திட்டத்திலும் இடம் பெற்றது.

அடுத்த மாறுதல் வேலைவாய்ப்புத் திட்டங்களின் வழியே வந்தது. 1980இல் தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டமும், 1983இல் நிலமற்றோர்க்கான வேலை உறுதித் திட்டமும் தொடங்கின. இவற்றின் நிதியிலிருந்து வீடு கட்டவும் இடமளிக்கப்பட்டது. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் இரண்டாவது திட்டத்தின் ஒரு பகுதியாக உருவாயிற்று. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கே அது உரியதாயிருந்தது. 1993-94 முதல் பிற வகுப்புகளைச் சேர்ந்த ஏழைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1996 சனவரி முதல் நாளிலிருந்து தனித் திட்டமாக இயங்கிற்று.

இதில் இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, உதவி கடனாக இல்லாமல் மானியமாக அளிக்கப்பட்டது. மற்றொன்று, ஒப்பந்தக்காரரை நுழையவிடாமல் பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வீட்டை மனைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ ஒதுக்கும் நெறியும் வந்தது. இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டமும், குடும்பமே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள அரசு துணை நிற்பது என்னும் கொள்கையையே தழுவியது.

மானியத் தொகை காலத்திற்கேற்ப உயர்ந்து வந்தது. சமவெளிப் பகுதியில் 1996இல் 20,000 ரூபாய், 2004இல் 25,000, 2008இல் 35,000, 2010இல் 45,000, 2013இல் 70,000 ரூபாய். எனினும் செங்கல், கம்பி, சிமெண்டு ஆகியவற்றின் விலை மானியத்தைவிட வேகமாக ஏறியது என்பதை வீடு கட்டிய எவரும் சொல்வர்.

2016ஆம் ஆண்டின் மாறுதல்

2016 ஏப்ரல் முதல் பழைய திட்டம் பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டம் (ஊரகம்) என்று மாற்றியமைக்கப்பட்டது. வீட்டின் குறைந்த அளவு 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக, அதாவது சுமார் 269 சதுர அடியாக உயர்ந்தது. மானியம் சமவெளியில் 1,20,000 ரூபாயும், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாயும் ஆயிற்று. சமவெளிப் பகுதியில் இச்செலவில் மத்திய அரசாங்கம் 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கும் என்பது ஏற்பாடு. இதனுடன் வேலை உறுதித் திட்டத்தின்கீழ் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் இணைக்கப்பட்டன. பணம் தவணை தவணையாக நேரே பயனாளியின் வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது. ஒவ்வொரு கட்டமும் இடக்குறியுடன் கூடிய நிழற்படத்தால் சரிபார்க்கப்படுகிறது.

பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, கிராம சபை சரிபார்த்த பட்டியலே செல்லுபடியாயிற்று. முதலில் வகுத்த விதிகளின்படி மோட்டார் சைக்கிளோ குளிர்பதனப் பெட்டியோ வைத்திருந்தோர் விலக்கப்பட்டனர். தவணையில் வாங்கிய பழைய வண்டியில் பால் கேனைக் கட்டிக்கொண்டு செல்பவர்கூட இதனால் பட்டியலிலிருந்து விழுந்தார். 2024இல் இவ்விரு விலக்குகளும் நீக்கப்பட்டன. அதே ஆண்டு, 2028-29க்குள் நாடு முழுவதும் மேலும் 2 கோடி வீடுகள் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மாநிலத்தின் பங்கு

நிலம் மாநிலத்தின் அதிகாரத்திற்குட்பட்டது. ஆதலால் மத்திய உதவி எத்துணை பெரிதாயினும் மாநிலத்தின் கை சேராமல் வீடு எழாது. 1974இல் தோன்றிய ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம் தாழ்த்தப்பட்டோர்க்கு வீடுகள் கட்டியது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 21 இலட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் குறிக்கோளுடன் தொடங்கிற்று. 2011-12இல் வந்த பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுடன் சூரிய ஒளி விளக்குகளையும் சேர்த்து அளித்தது. 2024-25இல் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என வகுத்து, 2030க்குள் 8 இலட்சம் குடிசைகளை மாற்றுவதைக் குறிக்கோளாகக் கொண்டது. மத்தியத் திட்டத்தின் வீடுகளுக்கும் காங்கிரீட் கூரைக்கென மாநில அரசு கூடுதல் தொகை அளித்து வந்துள்ளது.

நம் மண்ணில் வீடு

திட்டம் டெல்லியில் வகுக்கப்படலாம். வீடு நிற்பது நம் மண்ணின்மேல். பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலம் மிகுதி. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி ஆள் கை நுழையும் அளவிற்கு வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவர் இரண்டொரு மழையில் கீறல் விடும்.

ஆகவே கரிசலில் வானம் தோண்டுவோர் கோடை வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கும் கீழே செல்ல வேண்டும். எடுத்த கரிசலையே மீண்டும் நிரப்பாமல், கிராவல் அல்லது மணலை நீர் விட்டு இடித்து நிரப்ப வேண்டும். அடிமட்டத்தில் நான்கு பக்கமும் கம்பியிட்ட காங்கிரீட் வளையம் ஓடவேண்டும். சுவரோரம் நீர் தேங்காதபடி சுற்றிலும் சரிவாகத் தளமிடுதல் மிக நன்று. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த காங்கிரீட் தூண் அடித்தளத்தை உருவாக்கியுள்ளது. பொறியாளரின் யோசனை பெற்று, மண் மோசமாயுள்ள இடங்களில் அதனைக் கையாளலாம். கொள்ளிடக் கரையை அடுத்த திருமானூர், தா.பழூர் பகுதிகளில் வெள்ளநீர் ஏறும் மட்டத்தை அறிந்து அடிமட்டத்தை உயர்த்துதல் வேண்டும்.

இங்கே என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்லுதல் முறை. ஒரு கரிசல் கிராமத்தில் களையெடுத்துப் பிழைக்கும் ஒரு விதவைக்கு வீடு ஒதுக்கப்பட்டது. உறவினர் பேச்சைக் கேட்டு அவ்வம்மையார் அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு வானம் தோண்டிவிட்டார். அடித்தளம் முடிந்ததும் நிழற்படம் வந்தது. நானும் முதல் தவணைக்குக் கையொப்பமிட்டேன். இடத்திற்குச் சென்று அளவைப் பார்க்கவில்லை. சுவர் நிலைவாசல் உயரம் வந்தபோது பணம் தீர்ந்தது. கூரை வார்க்கும் கட்டத்தை எட்டாமல் அடுத்த தவணையும் வராது. வட்டிக்கு வாங்கினார், அதுவும் போதவில்லை. மூன்று மழைக்காலம் அச்சுவர்கள் வானம் பார்த்து நிற்க, பக்கத்திலேயே சோகை வேய்ந்த கொட்டகையில் அவர் குடியிருந்தார். பின்னர் ஊரார் உழைப்பாலும், அறைகளில் ஒன்றைக் கைவிட்டதாலும் கூரை ஏறியது. கடன் மட்டும் அவருடன் தங்கிவிட்டது. அன்று ஒரு நாழிகை நான் அங்கே நின்று அளந்திருந்தால் அக்கடன் அவருக்கு நேர்ந்திராது. அதன்பின் வானம் தோண்டுமுன் சுண்ணாம்புக் கோடு போட்டு அளவைச் சரிபார்க்காமல் எந்த வீட்டையும் நான் தொடங்க விடுவதில்லை.

ஊராட்சியின் பொறுப்பு

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள் ஊரக வீட்டுவசதி பத்தாவதாக இடம் பெற்றுள்ளது. ஆகவே இது அதிகாரிகளின் அலுவல் என்று ஊராட்சி ஒதுங்கியிருத்தல் தகாது. உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் கீழ்க்கண்டவற்றில் கருத்துச் செலுத்துவார்களாக.

முதலாவது, கிராம சபையில் பட்டியல் படிக்கப்படும்போது மௌனமாயிருத்தல் கூடாது. தகுதியற்ற பெயர் இருப்பின் எழுந்து சொல்ல வேண்டும். தகுதியுடைய பெயர் விடுபட்டிருப்பின் அதனினும் உரக்கச் சொல்ல வேண்டும். மாடு மேய்க்கச் சென்ற முதியவர், கரும்பு வெட்ட வெளியூர் சென்ற குடும்பம், ஆண் துணையற்ற பெண் ஆகியோரே பெரும்பாலும் விடுபடுகின்றனர்; ஏனெனில் கணக்கெடுப்போர் வந்த நாளில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை.

இரண்டாவது, மனைப்பட்டா. ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் குடியிருப்போர் எந்தத் திட்டத்திலும் சேர முடியாமல் தவிக்கின்றனர். நீர்நிலையை விட்டு வேறிடத்தில் மனை கண்டுபிடித்து வருவாய்த் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க ஊராட்சி முயலவேண்டும். ஒதுக்கீடு வந்த பின்னர் பட்டா தேடினால் அவ்வாண்டு வாய்ப்பு கைநழுவிப் போகும்.

மூன்றாவது, இடைத்தரகர். வீடு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவனுக்கு ஒரு காசும் கொடுத்தல் வேண்டாம். பட்டியலைச் சரிபார்ப்பது கிராம சபை. பணத்தை அனுப்புவது அரசு. பெறுவது வங்கிக் கணக்கு. நடுவில் நிற்பவனுக்கு இதில் வேலையே இல்லை.

நான்காவது, கூட்டு முயற்சி. ஒரே தெருவில் ஐந்தாறு வீடுகள் ஒதுக்கப்பட்டால் செங்கல், மணல், கம்பி ஆகியவற்றைச் சேர்ந்து வாங்கலாம். சென்ட்ரிங் பலகைகளை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டிற்கு மாற்றிக்கொள்ளலாம். கொத்தனார் ஒருவரே தொடர்ந்து வேலை செய்தால் கூலியும் குறையும், வேலையும் ஒழுங்காக நடக்கும்.

1957இல் கடனாகத் தொடங்கிய உதவி இன்று மானியமாக வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் எந்த வாசலுக்கு அது வரவேண்டும் என்பதை அறிந்தவர்கள் அந்த ஊரில் வாழ்பவர்களே. அடுத்த கிராம சபைக்குச் செல்லுமுன் உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து, ஒழுகும் கூரைகளை எண்ணி, அவ்வீட்டாரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்பெயர்களுள் ஒன்றேனும் பட்டியலில் இல்லாவிடில், கூட்டம் கலையுமுன் அதனைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.